தட்டிவான் பரமலிங்கத்தின் நித்திரை

எங்கள் தீவில் சரவணைச் சந்தியில் இறங்கி, பரமலிங்கத்தார் வீடு எது என்று கேட்டால் ஒருத்தரும் வீட்டைக் காட்டுவதில்லை. “அந்தா, தட்டிவான் நிக்குது, அதுக்குப் பின்னாலை ஒரு படலை தெரியுதெல்லே, அதுதான்” என்பார்கள். வேப்பமரத்துக்குக் கீழே அந்தப் பழைய வான் நிற்கும். முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் முழுக்கப் பலகை. வாலில் ஒரு தட்டி சங்கிலியில் தொங்கும். ஆட்கள் உள்ளே இருக்க, கத்தரிக்காய்க் கடகமும் வெங்காயச் சாக்கும் அந்தத் தட்டியில் போகும். விடிய வெளிக்கிட்டால் வேலணை, அல்லைப்பிட்டி, பிறகு கடலுக்கு நடுவாலே போகிற தெருவான பண்ணைத் தாம்போதி, அதைத் தாண்டினால் யாழ்ப்பாணப் பட்டணம். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பொழுதுபடத்தான் வீடு.

மனிசனைப் பற்றி ஊரில் குறை சொல்ல ஆளில்லை. கள்ளுக் கொட்டில் பக்கம் போகமாட்டார். சுருட்டு இல்லை, வெற்றிலை இல்லை. ஒரே ஒரு பழக்கம், தேத்தண்ணி. அதுவும் எங்கள் வீடுகளில் குடிக்கிற தேத்தண்ணி இல்லை. சந்தியில் தம்புவின் கடையில் வான் ஓட்டுகிறவர்களுக்கென்று, றைவர் தேத்தண்ணி என்று தனியாக ஒன்று இருந்தது. தேயிலைப் பையை இரண்டு தரம் பிழிந்து, கன்னங்கரேல் என்று, கரண்டியை நட்டால் சரியாமல் நிற்கிற மாதிரி. அதற்குக் காசில்லை. எந்தக் கடை வாசலில் வான் நிற்கிறதோ அங்கேதான் சனம் இறங்கி வடை தின்னும். ஆகவே வழியில் எத்தனை கடை உண்டோ அத்தனையிலும் றைவருக்கு ஒரு கிளாஸ் ஆவி பறக்கக் காத்திருக்கும். வேண்டாம் என்றால் கடைக்காரன் முகம் கறுத்துவிடும். பரமலிங்கத்தார் ஒருத்தருடைய முகத்தையும் கறுக்கவிட்டதில்லை.

இந்தப் பழக்கம் வானோடு வந்ததில்லை. எண்பத்துமூன்று வரைக்கும் அவர் லொறி ஓட்டியவர். தீவிலிருந்து கருவாடும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போவார், ராத்திரி முழுக்க ஓட்டம். நித்திரையை விரட்டத் தேத்தண்ணிதான் துணை. அந்த ஆண்டு தெற்கே தமிழரை அடித்து எரித்த ஆடிக் கலவரத்தில் லொறி எரிந்து போனது. கட்டின சாரத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். என்ன நடந்தது என்று மனைவி அம்பிகைக்குக்கூட ஒரு சொல் சொன்னதில்லை. வந்த நாள் தொடக்கம் நித்திரை மட்டும் இல்லை. பாயில் படுப்பார், புரளுவார், எழும்பிப் போய் வீட்டைச் சுற்றி வளவுக்குள் நடப்பார். அம்பிகை கண் விழிக்கிற நேரமெல்லாம் பக்கத்துப் பாய் வெறுமையாகக் கிடக்கும்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு வான். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசிப் பனிக்காலம் வரைக்கும்.

அன்றைக்கு விடிய முதல் ஓட்டம். தாம்போதியில் பனி மூடிக் கிடக்கிறது. வான் நேரே போகிறது, போகிறது, பிறகு மெல்லமாய்க் கடலைப் பார்த்துச் சரிகிறது. கரைக்கல்லில் வானின் முன்சில்லு ஏறி ஒரு குலுக்கு. தட்டியில் இருந்த, சந்தைக்குப் போகிற யோகம்மாவின் கத்தரிக்காய்க் கடகம் தண்ணிக்குள். கொண்டக்டர் சவிரிமுத்து பாய்ந்து ஸ்ரேறிங்கைப் பிடித்து மற்றப் பக்கம் இழுத்திராவிட்டால் கடகத்தோடு யோகம்மாவும், யோகம்மாவோடு மற்றச் சனமும் போயிருக்கும்.

வான் திரும்பி வந்து வேப்பமரத்தடியில் நிற்க முதலே யோகம்மா இறங்கிப் படலைக்கு வந்துவிட்டாள்.

“எடி அம்பிகை, வெளியிலை வா! என்ரை கத்தரிக்காயை ஓரா மீன் தின்னுது. உன்ரை மனிசன் என்னெண்டால் ‘ஒண்டுமில்லையணை, பயப்பிடாதை’ எண்டு எனக்குச் சொல்லுறார். ஆர் பயந்தது? நான் பயப்பிடேக்கை அவர் முழிப்பாய் இருந்தால்தானே!”

சவிரிமுத்து ஊர்காவற்றுறைப் பொடியன் என்று சொன்னாலும் நாற்பது வயது தாண்டியவன், பகிடிக்காரன். அன்றைக்கு அவனுக்கும் பகிடி பாதிதான் வந்தது.

“அக்கா, அண்ணை கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுறார். பக்கத்திலை இருந்து பாத்தால் முழிப்புப் போலத்தான் கிடக்கும். இண்டைக்கு எங்கடை கோயில் அந்தோனியார்தான் ஸ்ரேறிங்கைப் பிடிச்சவர், நான் பேருக்குக் கை வைச்சனான். அந்தோனியாருக்கும் வேறை வேலை இருக்கு அக்கா. எப்பிடியாவது ராவிலை இவரை நித்திரை கொள்ளச் செய்யுங்கோ. இல்லாட்டில் நான் ஏறமாட்டன்.”

பரமலிங்கத்தார் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். கழுவின முகத்தையே மறுபடி மறுபடி கழுவுவதை அம்பிகை கண்டாள்.

அடுத்த நாளே ஐயாத்துரைப் பரியாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பரியாரியார் நாடி பிடித்தார், கண்மடலை இழுத்துப் பார்த்தார்.

“பரமலிங்கம், ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி?”

“தேத்தண்ணியை ஆரும் எண்ணிக் குடிக்கிறதோ ஐயா?”

“அப்ப நித்திரை?”

“அதை எண்ணலாம்.”

பரியாரியார் சிரித்துப்போட்டுச் சொன்னார்: “தேத்தண்ணியைக் குறைக்க வேணும். ஒரேயடியாய் விடாதை, தலை வெடிக்கும். முதல்லை பின்னேரத்துத் தேத்தண்ணியை விடு. பிறகு மத்தியானத்தை. காலமை குடிக்கிறதின்ரை சாயத்தைக் குறை. பையப் பைய.”

“அதை நிப்பாட்டினால் வானும் நிண்டுபோம் ஐயா.”

“நிப்பாட்டச் சொல்லேல்லை. குறைக்கச் சொன்னனான்.”

அம்பிகையின் காதில் ‘தேத்தண்ணி’ என்ற சொல்லுத்தான் விழுந்தது, ‘பையப் பைய’ விழவில்லை. நஞ்சு என்று தெரிந்த பிறகு அதை ஆராவது கொஞ்சம் கொஞ்சமாய் விடுவார்களோ? வீட்டுக்கு வந்ததும் தேயிலைத் தகரப் பேணியைத் தூக்கி அரிசிப் பானைக்குள் அடியில் புதைத்தாள். பிறகு சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சந்திக்குப் போனாள்.

“தம்பு அண்ணை, இனிமேல் அவருக்கு ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடுக்கக் கூடாது. குடுத்தால் உங்கடை கடை வாசல்லை வந்து இருந்து மண்ணள்ளித் தூத்துவன், சொல்லிப்போட்டன்.”

தம்பு கிளாசைக் கழுவினபடியே அண்ணாந்து பார்த்தான். “உது நல்ல கதை தங்கச்சி. றைவருக்குத் தேத்தண்ணி குடுக்காத கடையிலை வான் நிக்குமோ? வான் நிக்காட்டில் என்ரை வடையை நானே தின்னுறதோ?”

“தின்னுங்கோ. உடம்பு வைக்கும்.”

வேலணைக் கடைக்கும் அல்லைப்பிட்டிக் கடைக்கும் சவிரிமுத்துவிடம் சொல்லி அனுப்பினாள். ஒரு வழியையும் விட்டுவைக்கவில்லை.

பரமலிங்கத்தார் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகும் பிறகும் நெஞ்சில் நின்றது. தாம்போதியில் அந்தச் சில்லு ஏறினதிலிருந்து அவர் தன்னையே நம்பாமல் இருந்தார். நீர் சொல்லுறது சரி என்று தலையை ஆட்டினார். அன்று பின்னேரமே தலையிடி தொடங்கியது. பின்னந்தலையில் தொடங்கி நெற்றிக்கு வந்து கண்ணுக்குள் இறங்கியது. தலையில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வான் ஓட்டினார். கொட்டாவி வந்தபடி. காலில் பலம் இல்லை, சோற்றில் ருசி இல்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். வெங்காயச் சாக்கு ஏற்றின ஒரு அப்பாவியைப் பார்த்து, “இது வானோ, உன்ரை மாட்டுவண்டிலோ?” என்று கத்தினார். அவர் கத்தி ஊர் அதுவரை கேட்டதில்லை.

கவனம் என்று ஒன்று அறவே இல்லாமல் போனது. இறங்க வேண்டிய ஆட்கள் மணியை அடிக்க அடிக்க வான் போய்க்கொண்டே இருக்கும். வேலணைப் பள்ளிக்கூடத்துச் சறோஜினிதேவி ரீச்சரை அல்லைப்பிட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ரீச்சர் மெதுவான ஆள். “பரமலிங்கண்ணை, நான் இடமாற்றம் கேட்டது உண்மைதான், ஆனால் நீங்களே கொண்டுபோய் விடுவியள் எண்டு நினைக்கேல்லை” என்றாராம். சனம் சிரித்தது. சவிரிமுத்து சிரிக்கவில்லை. தாம்போதி வரும்போதெல்லாம் அவன் தட்டியை விட்டு முன்னுக்கு வந்து றைவருக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வான்.

ராத்திரியில் நித்திரை வந்ததோ என்றால், அதுவும் இல்லை. முந்தி நித்திரை மட்டுந்தான் இல்லை. இப்போது தலையிடியோடு நித்திரை இல்லை.

அப்போதுதான் பக்கத்து வளவில் இருந்து செல்லாச்சி, ஆள் நுழைகிற இடைவெளியாய் இருந்த வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள். செல்லாச்சி பரமலிங்கத்தாருக்குத் தமக்கை. கடும் வாய், இளகின மனசு. தம்பிக்கு ஒன்று என்றால் தான் படுக்கமாட்டாள்.

“என்னடி அம்பிகை, என்ரை தம்பியைக் காயப்போட்டுக் கருவாடாக்கப் போறியோ? தேத்தண்ணி கூடாது எண்டால் கூடாதுதான். அதுக்காக மனிசனுக்கு வெறுந்தண்ணியே குடுக்கிறது? மல்லிக்கோப்பி இடிச்சுக் குடன். மருந்தெல்லே அது!”

மல்லிக்கோப்பி எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. மூக்கடைக்கிற தடிமனுக்கு அதுதான், காய்ச்சலுக்கு அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் போத்தலில் அதைத்தான் கொண்டுபோவார்கள். மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சீரகம், எல்லாம் பதமாக வறுத்து உரலில் போட்டு இடிப்பது. அதோடு மணத்துக்கென்று வறுத்த கோப்பிக்கொட்டையும் போடுவார்கள். சில வீட்டில் ஒரு பிடி. செல்லாச்சி வீட்டில் மல்லிக்குச் சரிபாதி. அவளுடைய கை அப்படி. மல்லியோடு சேர்ந்து இடிபட்டால் கோப்பி கோப்பியாக இல்லாமல் போய்விடுமோ? போகாது. ஆனால் பேணியில் மருந்து என்று பேர் வந்த பிறகு அதற்குள் என்ன கிடக்கிறது என்று ஆர் கிண்டிப் பார்க்கிறது? செல்லாச்சி பார்க்கவில்லை, அம்பிகை பார்க்கவில்லை, குடித்தவரும் பார்க்கவில்லை.

மூக்குப்பேணி என்கிற பித்தளைக் குவளை நிறைய, பனங்கட்டியோடு, காலமை கொடுத்தாள். மத்தியானத்துக்குப் போத்தலில் ஊற்றிச் சவிரிமுத்துவின் கையில் கொடுத்தாள். படுக்கப் போகும்போது இன்னொரு பேணி, நித்திரை வரட்டும் என்று கொஞ்சம் கடுப்பமாக.

தலையிடி துடைத்துவிட்டாற்போலப் போனது.

“பாத்தியே!” என்றாள் செல்லாச்சி. “பரியாரியாற்றை நாடியும் கோடியும்! ஒரு பேணி மல்லிக்கோப்பிக்கு நிண்டுபிடிச்சுதே உந்தத் தலையிடி?”

பரமலிங்கத்தாரின் முகத்தில் களை வந்தது. ஆட்களை இறங்குகிற இடத்தில் இறக்கினார். யோகம்மாவோடு பகிடி விட்டார். “அண்ணைக்குப் புது எஞ்சின் பூட்டியாச்சு” என்றான் சவிரிமுத்து. அம்பிகை நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து முடிச்சு முடிந்து வைத்தாள்.

ஆனால் ராத்திரி? ராத்திரி அவர் முன்னம் புரண்டு கிடந்தது போதாதென்று இப்போது பாயிலேயே படுக்கவில்லை. நெஞ்சு படபடக்குது என்பார். கிணற்றடிக்கும் படலைக்கும் நடப்பார். அம்பிகை பார்த்தாள், மருந்து போதவில்லை என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் நடந்தார். அவள் இன்னும் கூட்டினாள். கோவிலில் நூல் கட்டினாள், வானின் முகப்பில் தேசிக்காய் கட்டினாள், தலைமாட்டில் திருநீறு வைத்தாள், காலடியில் வேப்பிலை வைத்தாள், ஒரு கிழமை உப்பில்லாமல் தின்று விரதம் பிடித்தாள். பேணியை மட்டும் விடவில்லை.

வருசம் முடியும்போது மனிசன் பாதி ஆளாகிவிட்டார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கையெல்லாம் நடுக்கம். கடைசியில் ஐயாத்துரைப் பரியாரியார் ஒரு நாள் தானாகவே படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“உங்கடை வானிலை ஏறி வந்தனான் பிள்ளை. கியர் போடுற கையைப் பாத்தன். நான் சொன்னது கேக்கேல்லையோ?”

“ஐயோ ஐயா, அண்டைக்கு நீங்கள் சொன்ன பிறகு ஒரு சொட்டுத் தேத்தண்ணி நான் கண்ணிலை காட்டேல்லை. மருந்துதான் குடுக்கிறன். ராவிலை கடுப்பமாய் ஒரு பேணி.”

“என்ன மருந்து?”

குசினிக்குள் போய்த் தூள் பேணியைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினாள். பரியாரியார் மூடியைத் திறந்து மூக்கடியில் பிடித்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“இது ஆர் இடிச்சது?”

“மச்சாள்.”

“பிள்ளை, நீ வலு கவனமாய்ப் படலையைப் பூட்டிப்போட்டு வேலியைப் பிரிச்சு விட்டிருக்கிறாய். இதிலை பாதி கோப்பி. தேத்தண்ணிக்கு அண்ணன் இது. படுக்கிற மனிசனுக்குக் கடுப்பமாய்க் கோப்பியைக் குடுத்துப்போட்டு நித்திரை வரேல்லை எண்டு அழுதால் அம்மன் என்ன செய்வா?”

அம்பிகை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தன் கையால், மாதக்கணக்காய், பனங்கட்டி போட்டு, ஆற்றி ஆற்றி. பரமலிங்கத்தார் கப்புத் தூணோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். “நல்ல ருசியாய்த்தான் இருந்தது” என்றார். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

செல்லாச்சி ஏசினாள். வேலிப் பொட்டை மறித்து நின்று ஊர் கேட்க ஏசினாள். “எங்கடை அப்பு சாகுமட்டும் இதைத்தான் குடிச்சவர்! குறட்டை விட்டால் அடுத்த வீட்டுக் கோழி எழும்பும்! என்ரை கோப்பியிலை பிழை சொல்ல வந்திட்டினம். பிழை உன்ரை கையிலை!” அன்றே அந்தப் பொட்டைக் ஓலைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டாள். இரண்டு வளவுக்கும் பேச்சு நின்றது.

பிறகுதான் பரியாரியார் சொன்னபடி நடந்தார்கள். வெறும் மல்லியும் வேர்க்கொம்பும். காலமைக்கு மட்டும், புதைத்த பேணி புதைத்தபடி கிடக்க, சுருளில் வாங்கின தேயிலையில் மெல்லிசாய் ஒரு தேத்தண்ணி, வரவரச் சாயத்தைக் குறைத்து. தம்புவின் கடையில் ஒரு ஏற்பாடு. சனம் பார்க்க அவருக்குக் கிளாஸ் வரும், அதற்குள் வெந்நீரில் இஞ்சி. தம்புவின் முகமும் கறுக்கவில்லை. கை நடுக்கம் நின்றது, நெஞ்சுப் படபடப்பு நின்றது. வான் தாம்போதியில் நேரே போனது. சவிரிமுத்து மறுபடி தட்டிக்குப் போனான்.

நித்திரை மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அம்பிகைக்கு உண்மையான பயம் பிடித்தது. இவ்வளவு நாளும் தேத்தண்ணி என்று ஒரு எதிரி இருந்தான். கோப்பி என்று ஒரு எதிரி இருந்தான். இரண்டையும் விரட்டியாயிற்று. இனி ஆரை விரட்டுவது?

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி அடிபாடு, தாம்போதியால் ஒரு குருவிகூடப் போக ஏலாது. பெற்றோல் இல்லை, சீனி இல்லை, தேயிலை கண்ணால் காண இல்லை. வான் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது நின்றபடி. பரமலிங்கத்தார் பகலெல்லாம் அதற்குள் போய் இருப்பார், ஸ்ரேறிங்கில் கையை வைத்துக்கொண்டு.

ஒரு நாள் மத்தியானம் அம்பிகை சோற்றுக் கோப்பையோடு அங்கே போனாள். பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தாள்.

“இஞ்சாருங்கோ. ஓட்டமும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. இனியென்ன? கொஞ்சம் கண்ணை மூடினால் என்ன?”

அவர் முன்கண்ணாடியில் படிந்த தூசியைக் கையால் துடைத்தார். பிறகு கண்ணாடிக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“லொறி எரிஞ்ச அண்டைக்குக் கடைக்காரன் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினவன். சிங்களப் பெடியன், தெரிஞ்ச பெடியன்தான். எனக்கு வேண்டாம் எண்டனான். அலுப்பாய் இருந்தது. ஒருநாளும் அப்பிடிச் சொல்லாதனான், அண்டைக்குச் சொல்லிப்போட்டன். லொறிக்குள்ளை படுத்து நல்ல நித்திரை. எழும்பேக்கை எல்லாப் பக்கமும் வெளிச்சம். கடையும் இல்லை, தெருவிலை ஒரு சனமும் இல்லை. நெருப்புத்தான். கண்ணாடியை உடைச்சுக்கொண்டு வெளியிலை விழுந்தனான்.” ஸ்ரேறிங்கைத் தடவினார். “கண்ணை மூடலாம் அம்பிகை. எழும்பேக்கை என்ன இருக்குமெண்டு தெரியாதெல்லே.”

அவள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். இதற்கு எதை வறுத்து, எதை இடித்து, எந்தப் பேணியில் கரைத்துக் கொடுப்பது? “சோறு ஆறுது” என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் ஷெல் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து விழத் தொடங்கியது. ஆமி இறங்கிவிட்டது என்று கதை. சவிரிமுத்து பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்து சரவணையில் தங்கியிருந்தான். ஒரு நாள் காலமை, கையில் ஒரு பையோடு படலையில் வந்து நின்றான்.

“அக்கா, எங்கடை பஸ்ரியாம்பிள்ளை வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்திட்டான். கடலுக்கு அங்காலை அராலிக்கு ஏத்துறான். உங்கள் இரண்டு பேருக்கும் மச்சாளுக்கும் இடம் சொல்லி வைச்சிருக்கிறன். கெதியாய் வெளிக்கிடுங்கோ. வெய்யில் ஏறினால் தண்ணி வத்திப்போம், பிறகு வள்ளம் அசையாது. இதுதான் கடைசி நடை எண்டு சொல்லிப்போட்டான்.”

தெருவெல்லாம் சனம். சைக்கிளில் மூட்டை, தலையில் மூட்டை. ஆட்டை இழுத்துக்கொண்டு, கிழவர்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு. அம்பிகை இரண்டு சீலையும் ஒரு போர்வையும் மூட்டை கட்டினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டு அரிசி அள்ளும்போது அடியில் பழைய தேயிலைப் பேணி தட்டுப்பட்டது. அப்படியே விட்டுவிட்டு அரிசியை மட்டும் எடுத்தாள். பிறகு அவரைக் கூப்பிட வானடிக்குப் போனாள்.

பின்பக்கத்து நீட்டுப் பலகையில் பரமலிங்கத்தார் கிடந்தார். துவாயைத் தலைக்கு மடித்து வைத்து, வாயைத் திறந்து, ஒரு கை கீழே தொங்க. குறட்டை வந்துகொண்டிருந்தது. முதலில் அவள் பயந்துபோனாள். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. நித்திரை. ஏழு வருசத்தில் அவள் காணாத நித்திரை. நெற்றிச் சுருக்கம் விரிந்து, அவளைக் கலியாணம் முடித்தபோது இருந்த முகம்.

எங்கேயோ ஒரு ஷெல் விழுந்து வான் பலகை அதிர்ந்தது. அவர் அசையவில்லை.

வேலி சரசரத்தது. செல்லாச்சி தான் அடைத்த கிடுகைத் தானே பிய்த்துக்கொண்டு இங்காலே வந்தாள். இடுப்பில் மூட்டை. கோபதாபம் எல்லாம் எங்கே போனதோ.

“எங்கையடி அவன்? வள்ளம் நிக்காதாம்.”

அம்பிகை வாயில் விரலை வைத்தாள். செல்லாச்சி எட்டிப் பார்த்தாள். மூட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

“எழுப்படி” என்றாள், குரல் இறங்கிப்போய்.

அம்பிகை தட்டியில் ஏறிப் போய்க் குனிந்தாள். தோளுக்குக் கிட்டக் கை போனது. தொட்டால் போதும், அந்தரித்து எழும்பிவிடுவார். எழும்பினால் ஓட வேண்டும். ஓடினால் இனி எந்த ஊரில், எந்தத் தரையில், எத்தனை வருசத்துக்குப் பிறகு இந்த மனிசன் கண்ணை மூடும்? கை அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

“நீங்கள் போங்கோ மச்சாள். நாங்கள் பின்னாலை வாறம்.”

“பின்னாலை எப்பிடி வருவாய்? நீந்தியோ? விசரே உனக்கு!”

“கொஞ்சம் படுக்கட்டும்.”

“அக்கா!” சவிரிமுத்து தெருவில் நின்று கத்தினான். “அண்ணையை நான் தோளிலை தூக்குறன், நித்திரையோடையே கொண்டு போவம்!”

“தூக்கினால் முழிச்சிடுவார் தம்பி. நீ மச்சாளைக் கவனமாய்க் கூட்டிக்கொண்டு போ.”

செல்லாச்சி அழுதாள், ஏசினாள், மறுபடி அழுதாள். கடைசியில் மூட்டையை அவிழ்த்து ஓலையில் பொதிந்த ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்து அம்பிகையின் கைக்குள் திணித்துப்போட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தெரு கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்தது. வெய்யில் ஏறியது. தண்ணி வற்றியிருக்கும் என்று அம்பிகை நினைத்தாள். வானுக்குள் அவருடைய காலடியில் இருந்து பனையோலை விசிறியால் விசிறினாள். இலையான் முகத்தில் மொய்க்காமல் பார்த்துக்கொண்டாள். செய்தது சரியோ பிழையோ என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. பிறகு கேட்டவர்களுக்கும் ஒரே ஒரு மறுமொழிதான். “எழுப்ப ஏலாமல் போச்சு” என்பாள், அவ்வளவுதான். ஒரு யோசனை மட்டும் தெளிவாக இருந்தது. எழும்பும்போது ஆரும் இல்லாத தெருவைத்தான் காணப் போகிறார். அந்த நேரம் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேணும்.

பொழுது சாய்கிற நேரம் பரமலிங்கத்தார் கண் விழித்தார். அந்தரிக்கவில்லை. மெதுவாக எழும்பி இருந்து, தெருவைப் பார்த்தார், செல்லாச்சி வீட்டைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. ஒரு நாய் மட்டும் நடுத்தெருவில் நின்றது.

“எல்லாரும் போட்டினமோ?”

“ஓம்.”

“வள்ளம்?”

“போட்டுது.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையில் இருந்த விசிறியைப் பார்த்தார்.

“நீர் போகேல்லையோ?”

அவள் விசிறியைப் பலகையில் வைத்தாள். “நல்ல நித்திரை” என்றார், வெட்கப்பட்டவர் போல. ஊர்காவற்றுறைப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அம்பிகை எழும்பிக் குசினிக்குப் போனாள். வெளிச்சம் வெளியே தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டினாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு அந்தப் பேணியை எடுத்தாள். ஒரு வருசத்துக்கு மேல் கிடந்தும் தேயிலையின் மணம் போகவில்லை. இருந்ததை எல்லாம் கொட்டினாள். இரண்டு தரம் பிழிந்தாள். கன்னங்கரேல் என்று, தம்புவின் கடையில் போல. மூக்குப்பேணியில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

பரமலிங்கத்தார் கையை நீட்டினார்.

“இது உங்களுக்கில்லை” என்றாள் அம்பிகை. “நீங்கள் உள்ளுக்குப் போய்ப் படுங்கோ. இண்டைக்கு நான் முழிச்சிருக்கிறன்.”

வான் தட்டியில் ஏறித் தெருவைப் பார்க்க இருந்துகொண்டு, செல்லாச்சியின் பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக் கடித்துக் குடித்தாள். நாக்குக் கைத்தது. இவ்வளவு கடும் சாயம் அவள் ஒருநாளும் குடித்ததில்லை. அடிமட்டம் வரை குடித்தாள்.